எக்ஸ்ரேயில் தெரியாத காயம்

காலில் அடிபட்டால் நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, “எலும்பு முறிந்துவிட்டதா?” என்பதுதான். இல்லை என்று பதில் வந்தால் கூடியிருந்தவர்கள் நிம்மதியாகக் கலைந்துபோகிறார்கள். அந்த ஒரு கேள்வி போதாது. முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு ஒன்றும் ஆகாமலேயே தசையும் நரம்பும் சில மணி நேரத்தில் செத்துப்போகக்கூடும். என் அண்ணனுக்கு நடந்தது அதுதான். அவர் கால் தப்பியது, முழுதாகத் தப்பவில்லை.

அந்த இரவில் நாங்கள் கண்ணால் பார்த்ததையும், பிறகு பல மாதங்கள் பிசியோதெரபி அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டாக்டர்களிடமும் மற்ற நோயாளிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள். மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் இந்த ஆபத்தை முதலில் பார்க்கப் போகிறவர்கள் வீட்டில் இருக்கும் நம்மைப் போன்றவர்கள்தான்.

அண்ணன் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் மாங்காய் மண்டிகளில் லோடு ஏற்றி இறக்குகிறவர். பெங்களூரா காய் கூழ் ஆலைகளுக்குப் போகிற மாதங்களில் இரவு பகல் தெரியாத வேலை. அப்படி ஒரு மாலையில் டிராக்டர் டிரெய்லரின் பின்கதவு கொக்கி விட்டுப்போய், அடுக்கியிருந்த கிரேட்டுகள் சரிந்து, அவருடைய இடது கால் கதவுக்கும் காய்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கூட இருந்தவர்கள் கிரேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காலை விடுவிக்கச் சற்று நேரம் பிடித்தது. தோல் அதிகம் கிழியவில்லை. நொண்டிக்கொண்டே வண்டியில் ஏறினார். ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருந்தது. பாதத்திலிருந்து முழங்கால்வரை எலாஸ்டிக் கட்டுச் சுற்றி, வலிக்கு ஊசி போட்டு, தலையணைகளை அடுக்கிக் காலை அதன்மேல் தூக்கி வைக்கச் சொல்லி அனுப்பினார்கள். சாதாரண வீக்கத்துக்கு இது எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். ஆனால் இது சாதாரண வீக்கம் இல்லை.

இரவு உணவுக்கு முன்பே வலி கூடத் தொடங்கியது. அடிபட்ட வலி என்றால் நேரம் ஆக ஆகக் கொஞ்சமாவது குறைய வேண்டும். கையைக் காலை அசைக்காமல் படுத்தால் அடங்க வேண்டும். மாத்திரைக்குக் கட்டுப்பட வேண்டும். இந்த வலி மூன்றையும் மீறியது. ஊசியின் வேகம் தணிந்ததும், அடிபட்ட நேரத்தில் இருந்ததைவிட அதிகமாக வலித்தது. அண்ணன் வலியை வெளியில் சொல்கிற ஆள் இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, “கால் உள்ளுக்குள் வெடித்துவிடும்போல் இருக்கிறது, பாப்பா” என்றார். இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள்: காயத்தின் அளவுக்குப் பொருந்தாத வலி, நேரம் போகப்போகக் கூடும் வலி, மருந்துக்கு அடங்காத வலி. இந்த ஆபத்து முதலில் காட்டும் முகம் அதுதான்.

அடுத்த அறிகுறி தற்செயலாகத் தெரிந்தது. அண்ணி அவருடைய பாதத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கும்போது கட்டைவிரல் கீழ்ப்பக்கம் மடங்கியது. அண்ணன் அலறிவிட்டார். அடிபட்டது காலின் முன்பக்கம். விரலில் அடியே இல்லை. ஆனால் விரலைக் கீழே மடக்கினால் காலின் முன்பக்கத் தசைதான் இழுபடும். மூச்சுத் திணறும் தசையை இழுத்தால் அப்படித்தான் வலிக்குமாம். அதேபோல் கெண்டைக்கால் உள்ளே பாதிக்கப்பட்டிருந்தால், விரல்களை மேல்நோக்கி வளைக்கும்போது கெண்டைக்காலில் உயிர் போகும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மருந்துக்கடையில் பல வருடம் இருந்தவர். அக்கறையோடுதான் வந்து பார்த்தார். புறங்காலில் நாடி பிடித்துப் பார்த்து, “துடிப்பு நன்றாக இருக்கிறது, பாதம் சூடாக இருக்கிறது. ரத்த ஓட்டத்துக்குக் குறை இல்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம்” என்றார். பெரும்பாலானவர்கள் தடுமாறுகிற இடம் இது என்று பின்னால் மருத்துவமனையில் டாக்டரம்மா ஒருவர் சொன்னார். நாடி பெரிய ரத்தக்குழாயில் ஓடும் ரத்தத்தைத்தான் சொல்லும். தசைக்கு உணவு தருவது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்கள். அவை நசுங்கிக் கிடக்கும்போதும் பெரிய குழாயில் நாடி துடித்துக்கொண்டே இருக்கும். பாதம் வெளுத்து, குளிர்ந்து, நாடி நின்று, விரலை அசைக்க முடியாமல் போகும்வரை காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார்: “கட்டை அவிழ்த்துவிடுங்கள்.” அண்ணி அவிழ்த்தார். உடனே கொஞ்சம் இளைப்பாறினார். கட்டின் வரிகள் தோலில் ஆழமாகப் பதிந்திருந்தன. காலின் முன்பக்கம் பளபளவென்று இழுத்துக்கட்டியதுபோல் இருந்தது. மாற்றுக் காலோடு சேர்த்துத் தொட்டுப் பார்த்தேன். அந்தக் காலில் விரல் அழுந்துகிறது, இதில் அழுந்தவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வலி மறுபடியும் ஏறியது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் மதமதவென்று இருக்கிறது என்று சொன்னார். அண்ணி அதற்கு மேல் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. 108-க்கு போன் செய்தார்.

அவசரப் பிரிவில் இருந்த அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அண்ணனைக் கண்ணை மூடச் சொல்லி, விரல் இடுக்கில் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். விரல்களை மேலும் கீழும் மெல்ல வளைத்தார். தலையணையை எடுத்துவிட்டுக் காலைப் படுக்கையோடு சமமாக வைக்கச் சொன்னார். காலை உயர்த்தினால் வீக்கம் வடியும் என்பது பொதுவான அறிவு; ஆனால் உள்ளழுத்தம் ஏறிய காலை இதயத்தைவிட உயரமாகத் தூக்கினால், ஏற்கெனவே திணறும் தசைக்கு வரும் ரத்தம் இன்னும் குறைந்துவிடும். தொங்கவிடவும் கூடாது. இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். பிறகு அவர் சொன்ன பெயர்: கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்.

அதை அவர் விளக்கியபோதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்திருக்கின்றன: முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்பக்கம் மேலாக ஒன்று, ஆழத்தில் ஒன்று. ஒவ்வோர் அறையையும் எலும்பும், நீளாத கெட்டியான ஓர் உறையும் சூழ்ந்திருக்கின்றன. நசுங்கிய தசை ரத்தம் கசிந்து வீங்குகிறது. முளைகட்டுவதற்காகத் துணியில் இறுக்கி முடிந்த கொள்ளு உப்பும்போது துணி எப்படி விண்ணென்று ஆகிறதோ அப்படித்தான். வீக்கத்துக்குப் போக வெளி இல்லை, அழுத்தம் உள்ளுக்குள்ளேயே ஏறுகிறது. சாதாரணமாக அறைக்குள், ரத்த அழுத்தத்தைப் போலவே பாதரச அளவில், 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணுக்கும் அதற்கும் இடையே உள்ள வித்தியாசம் 30-க்குக் கீழே வந்துவிட்டால் தசைக்குப் போதுமான ரத்தம் கிடைக்காது. ரத்தம் நிறைய இழந்து ரத்த அழுத்தமே குறைந்திருப்பவருக்கு இந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். அளக்கும் கருவி கையில் இல்லாவிட்டாலும் அறிகுறிகள் தெளிவாக இருந்தால் காத்திருக்கக் கூடாது என்றார் அவர்.

தசை ரத்தம் இல்லாமல் ஏறத்தாழ நான்கு மணி நேரம் தாங்கும். ஆறு மணி நேரத்துக்குள் அறையைத் திறந்துவிட்டால் பெரும்பாலும் மீட்கலாம். எட்டு மணி நேரம் தாண்டினால் பெரும்பகுதி மீளாது. நரம்பு அதற்கும் முன்பே முறையிடத் தொடங்கிவிடும். மதமதப்பும் ஊசி குத்தலும் அந்த முறையீடுதான். இந்த மணிக்கணக்கு அடிபட்ட நேரத்திலிருந்து ஓடுவதில்லை, அழுத்தம் எல்லை மீறிய நேரத்திலிருந்து ஓடுகிறது. அது எப்போது மீறியது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆகவேதான் வலி எப்போது மாறியது, மதமதப்பு எப்போது வந்தது என்று நேரத்தோடு சொல்ல ஒருவர் கூட இருந்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. அண்ணி அதைச் சொன்னார். தாளில் எழுதி வைத்திருக்கவில்லை; மனதில் இருந்தது.

விடிவதற்குள் அறுவை சிகிச்சை முடிந்தது. காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி, நான்கு அறைகளின் உறையையும் திறந்துவிடுவார்கள். ஃபேஷியாட்டமி என்று பெயர். காயத்தைத் தைக்காமல் திறந்தே வைப்பார்கள். முதல்முறை அந்தக் காலைப் பார்க்கிற குடும்பம் பயந்துவிடும்; எங்கள் அம்மா மயங்கி விழுந்தார். திறந்து வைப்பதுதான் வைத்தியம் என்பதை முன்பே யாராவது வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் பார்த்து, செத்த தசையை நீக்கி, வீக்கம் வடிந்த பிறகு மூடுகிறார்கள். அண்ணனுக்கு ஒரு பக்கம் தையலில் மூடியது, இன்னொரு பக்கத்துக்குத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். முன்பக்க அறையில் கொஞ்சம் தசை போய்விட்டது; அதனால் பாதம் மேலே எழாமல் தொங்கியது.

அந்த நாட்களில் நர்சுகள் காலைப் பார்த்ததைவிட அதிகமாகச் சிறுநீர்ப் பையைப் பார்த்தார்கள். நசுங்கிய தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்தில் வரும். தசையிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தின் துடிப்பையே குலைக்கும். 1941-இல் லண்டனில் குண்டுவீச்சு இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்கள் முதலில் நன்றாக இருந்துவிட்டு, சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்தார்கள். நம் மாவட்டத்தில் கிரானைட் குவாரியும் கல் அறுக்கும் பட்டறையும் இருக்கும் ஊர்களில் இதை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் கால் கல்லுக்கடியில் நெடுநேரம் மாட்டியிருந்தால், மாட்டியிருந்த நேரத்தை 108-க்கும் டாக்டருக்கும் முதலிலேயே சொல்லுங்கள். எவ்வளவு சலைன் ஏற்ற வேண்டும் என்பதை அந்தத் தகவல் தீர்மானிக்கும்.

எல்லோருக்கும் இது லோடு சரிந்து வருவதில்லை. மிக அதிகமாக வருவது காலின் முன் எலும்பு முறிந்தவர்களுக்குத்தான். அதிலும் தசை திரண்ட இளைஞர்களுக்கு. தேசிய நெடுஞ்சாலை 44-இல், தொப்பூர் கணவாயிலிருந்து ஓசூர் வரைக்கும் பைக்கில் விழுந்து கால் முறிகிற பிள்ளைகள் எத்தனை பேர். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் அழுத்தம் வெளியேறிவிடும் என்று நினைக்கிறார்கள். அது உண்மை இல்லை. ஓர் அறை கிழிந்தாலும் மற்ற மூன்றும் மூடித்தான் இருக்கும்.

மாவுக்கட்டு போட்டிருந்தாலும் இதே விதிதான். கட்டுக்குள் வலி கூடிக்கொண்டே போனால், “புதுக் கட்டு அப்படித்தான் இருக்கும்” என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள். அந்த இரவே திரும்பிப் போங்கள். மாவுக்கட்டைப் பிளந்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்ட வேண்டும், ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு மாவுக்கட்டைப் போலவே இறுக்கும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக் கட்டு இந்தப் பக்கத்தில் பல தலைமுறையாக இருக்கிறது. எங்கள் தாத்தாவுக்கே கை கூடியது அப்படித்தான். நான் அதை இகழவில்லை. ஆனால் கட்டு எதுவாக இருந்தாலும், யார் கட்டியதாக இருந்தாலும், வீங்குகிற காலைச் சுற்றி இறுகினால் அது காலைக் கொல்லும். இறுக்கமான கட்டினால் தசை செத்துச் சுருங்கி, உறுப்பு கோணிப்போவதை 1881-இலேயே ஜெர்மனியின் அறுவை மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் விவரித்துவிட்டார். இத்தனை காலத்துக்குப் பிறகும் கட்டு பிரிக்கத் தயங்கி ஒரு கால் போவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் வேண்டாம். விறைத்து நிற்கும் காலை உருவினால் நசுங்கிய தசை மேலும் நசுங்கும். சூடோ ஐஸோ வைத்து நேரத்தைக் கடத்தவும் வேண்டாம்.

பாம்புக் கடியைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோ காலில் கடித்தால் கால் பூதமாக வீங்கும், தோல் விறைக்கும், பார்ப்பதற்கு இதே நோய்போல் இருக்கும். ஆனால் அந்த வீக்கத்தில் பெரும்பகுதி தோலுக்கடியில் இருப்பது. அங்கே முதல் வேலை விஷமுறிவு மருந்து. விரியன் விஷத்தில் ரத்தம் உறையாது என்பதால் அவசரப்பட்டுக் கீறினால் ரத்தப்போக்கு நிற்காது. கடிவாய்க்கு மேலே கயிறு இறுக்கிக் கட்டும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். விஷத்தோடு அழுத்தமும் சேர்ந்து அந்தக் காலை இரண்டு பக்கமும் தாக்கும்.

குழந்தைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வேலை அவர்களோடு. கால் முறிந்து கட்டுப் போட்ட நான்கு வயதுப் பிள்ளைக்கு, “கட்டைவிரல் இடுக்கில் மதமதப்பாக இருக்கிறது” என்று சொல்லத் தெரியாது. அமைதியாக இருந்த பிள்ளை நிலைகொள்ளாமல் புரளும், தூக்கினாலும் அழுகையை நிறுத்தாது, வலி மருந்தை முன்பைவிட அடிக்கடி கேட்கும். அடம் என்று அதட்டாதீர்கள். அதேபோல் தலையில் அடிபட்டு நினைவில்லாதவர், போதையில் காலை மடக்கியபடியே பல மணி நேரம் கிடந்தவர், முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டுக்கொண்டவர் ஆகியோராலும் வலியைச் சொல்ல முடியாது. அவர்களுடைய காலை நாம்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிசியோதெரபி அறையில் அண்ணனைப் போலவே பாதம் தொங்கிப்போன ஓர் அக்காவைச் சந்தித்தோம். தர்மபுரி பக்கத்து ஊர். அவருக்கு எந்த அடியும் படவில்லை. மாசி பங்குனியில் புளி இறங்கியதும், கொட்டை எடுக்கும் வேலைக்கு நாள் முழுவதும் காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் எழுந்து நடந்தபோது செருப்பு தானாகக் கழன்று போயிருக்கிறது. பெருவிரல் வாசற்படியில் தட்டியிருக்கிறது. மரத்தது சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த நாளும் சரியாகவில்லை.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஓர் எலும்புக் குமிழைத் தடவிப் பாருங்கள். அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, தோலுக்கு வெகு அருகில், பெரோனியல் நரம்பு போகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளுக்கு அதுதான் கட்டளை கொண்டுபோகிறது. குத்துக்காலிட்டு நெடுநேரம் களை எடுப்பது, பூப் பறிப்பது, சம்மணத்தில் மணிக்கணக்காக உட்காருவது, கால்மேல் கால் போடுவது, மாவுக்கட்டின் மேல் விளிம்பு, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் கட்டு, படுத்த படுக்கையாக இருப்பவர் காலை வெளிப்பக்கம் சாய்த்தே போட்டிருப்பது ஆகிய எல்லாமே அந்த இடத்தை அழுத்தும். நோயினால் திடீரென்று உடல் மெலிந்தவர்களுக்கு அங்கே இருந்த கொழுப்புப் பஞ்சும் போய்விடுவதால் இன்னும் எளிதாக நசுங்கும். சர்க்கரை நோய் இருந்தால் நரம்பு ஏற்கெனவே பலவீனமாக இருக்கும்.

வீட்டிலேயே சோதிக்கலாம்: குதிகாலால் மட்டும் நாலடி நடந்து பாருங்கள். பாதத்தின் முன்பகுதி தரையிலிருந்து எழவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்போல நள்ளிரவில் ஓட வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் மாதக் கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. பாதத்தை உள்பக்கம் திருப்பும் பலம் அப்படியே இருந்தால் கோளாறு முழங்காலருகில் இருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் குறைந்து இடுப்பிலிருந்து வலியும் இறங்கினால் முதுகுத் தண்டின் வட்டை (டிஸ்க்) சந்தேகிப்பார்கள். உடலில் எங்காவது உணர்ச்சியற்ற வெளிர்ந்த தேமல் இருந்தால் அதை மறைக்காமல் காட்டுங்கள். தொழுநோய் இந்த நரம்பைத் தேடிப்பிடித்துத் தாக்கும், அதற்கு அரசு இலவசமாகத் தரும் மருந்தில் முழுக் குணம் உண்டு. கையும் வாயும் சேர்ந்து இழுத்துக்கொண்டால் அது பக்கவாதம், ஒரு நிமிடமும் தாமதிக்க முடியாது.

அந்த அக்காவுக்கு நரம்பு நசுங்கியிருந்ததே தவிர அறுபடவில்லை. காலை மடக்குவதை நிறுத்தி, உயரமான முக்காலியில் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினார். சில வாரங்களில் விரல் அசைந்தது. பிறகு பாதம் எழுந்தது. நரம்பின் இழையே முறிந்திருந்தால் கதை வேறு: நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் அது மறுபடி வளரும். நரம்பில் மின்னோட்டம் எப்படிப் போகிறது என்று பார்க்கும் சோதனையை அடிபட்ட மறுநாளே எடுத்துப் பயன் இல்லை. மூன்று வாரம் கழிந்த பிறகுதான் அது தெளிவான விடை தருமாம்.

காவலர் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓட்டம் பழகும் ஒரு தம்பியும் அங்கே வந்துகொண்டிருந்தான். ஓடத் தொடங்கி ஏறத்தாழ அதே தூரம் வந்ததும் ஒவ்வொரு நாளும் காலின் முன்பக்கம் இறுகும், பாதம் பட் பட் என்று தரையில் அறையும், உட்கார்ந்தால் சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். ஓடும்போது தசை பருத்து, உறை இடம் கொடுக்காததால் வருவது இது. எலும்பின் உள்விளிம்பு நெடுக வலித்தால் அது வேறு. ஒரே ஒரு புள்ளியில் தொட முடியாமல் வலித்து, இரவிலும் தொடர்ந்தால் எலும்பில் மெல்லிய விரிசல் இருக்கலாம். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் அறையின் அழுத்தத்தை அளந்துதான் முதலாவதை உறுதிசெய்கிறார்கள். தேர்வு நெருங்குகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: ஓட்டத்தை நிறுத்திய பிறகும் வலி குறையாமல் ஏறினால், அது அவசரம். அடிபடாத காலுக்கும் இது வரும்.

மருத்துவமனையில் கூட்டம் அதிகமாக இருக்கும், நம் பேச்சைக் கேட்க நேரம் குறைவு. “கால் வலிக்கிறது” என்று சொன்னால் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். இப்படிச் சொல்லுங்கள்: “இத்தனை மணிக்கு அடிபட்டது. வலி மருந்து கொடுத்த பிறகும் வலி கூடுகிறது. விரலை மடக்கினால் காலில் தாங்கவில்லை. விரல் இடுக்கில் மரத்துப்போயிருக்கிறது. கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமாக இருக்குமோ என்று பயப்படுகிறோம்.” அந்தப் பெயரைச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். நல்ல டாக்டர் அதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். போகும் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம். அந்த ஊரில் அறுவை சிகிச்சைக்கு வசதி இல்லை என்றால் எங்கே அனுப்புகிறார்களோ அங்கே அந்த நிமிடமே கிளம்புங்கள். கிருஷ்ணகிரியிலும் தர்மபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சாலை விபத்து என்றால் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்குப் பணம் கட்டத் தேவையில்லை. அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது பொருந்தும்.

அண்ணன் இப்போது நடக்கிறார். பாதம் முழுதாக எழுவதில்லை. செருப்போடு சேர்த்து, கெண்டைக்காலில் பட்டை போட்டுக் கட்டும் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். அது இருந்தால் மேடு பள்ளத்தில் தடுக்கி விழுவதில்லை. மண்டியில் லோடு ஏற்றுவதில்லை, எடை போட்டுக் கணக்கு எழுதுகிறார். புறங்காலில் உணர்ச்சி குறைவாக இருப்பதால் அண்ணி தினமும் இரவு அந்தப் பாதத்தை விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். முள் குத்தினாலும் வெந்நீர் பட்டாலும் பைக் சைலன்சர் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இப்படி உணர்ச்சி குறைந்த காலில் ஒத்தடம் கொடுக்கிறவர்கள் முதலில் தங்கள் கையில் சூட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நரம்பு திரும்பவே திரும்பாது என்று ஆனாலும் வழி அடைபடுவதில்லை. வேலை செய்கிற ஒரு தசையின் நாணை (தசையை எலும்போடு இணைக்கும் பட்டையை) எடுத்து, வேலை செய்யாத தசையின் இடத்தில் இணைத்துப் பாதத்தைத் தூக்கவைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. நமக்குப் பக்கத்து வேலூரில்தான் 1940-களின் பிற்பகுதியில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளுக்கு இப்படி நாண் மாற்றிக் கொடுத்தார். பாதத்தைத் தூக்க இப்போது வழக்கமாக எடுப்பது பாதத்தை உள்பக்கம் திருப்பும் தசையின் நாணைத்தான். அண்ணனுக்கு இன்னும் முடிவு செய்யவில்லை. மீதமிருக்கும் தசை எவ்வளவு பலம் பெறும் என்று பார்க்கிறார்கள். ஆனால் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். அதுவரை கணுக்கால் இறுகிவிடக் கூடாது; இறுகிய மூட்டை நாண் மாற்றித் தூக்க முடியாது. ஆகவே தினமும் காலையிலும் மாலையிலும், சுவரில் கை ஊன்றி நின்று குதிகால் தரையை விட்டு எழாமல் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியை அவர் செய்கிறார். உட்கார்ந்திருக்கும்போது ஒரு துண்டைப் பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். இரவில் பாதம் கீழே தொங்காமல் இருக்கத் தாங்கியைக் கழற்றாமலேயே தூங்குகிறார்.